வாயில்லா உயிருக்கு வாய்ச்சொல் தந்த அன்னா சியூவெல்

இங்கிலாந்து நாட்டின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், நார்விச் நகரை அடுத்து, ஓல்டு கேட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 1871-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அவ்வூர் வீடொன்றில் சாய்விருக்கையில் கிடந்தபடி, ஐம்பத்தோரு வயதுப் பெண்மணி ஒருவர் தம் நாட்குறிப்பில் ஒரு செய்தியைக் குறித்துவைத்தார். தாம் ஒரு குதிரையின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருப்பதாகவும், கிறிஸ்துமஸ் பண்டிகைக்காகப் பொம்மைகளை ஆயத்தம் செய்து வருவதாகவும் அதில் எழுதினார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதியதிலிருந்தே, தாம் தொடங்கியது உலகம் போற்றப்போகும் பணி என்று அவர் எண்ணவில்லை என்பது விளங்கும்.

அவர் பெயர் அன்னா சியூவெல். அவர் எழுதிய நூலின் பெயர் 'பிளாக் பியூட்டி'. கரிய அழகன் என்பது அதன் பொருள். நம்மில் பலர் பள்ளி நாள்களில் ஆங்கிலத் துணைப்பாடமாக அதன் சுருக்கத்தைப் படித்திருப்போம். குதிரையொன்று தன் கதையைத் தானே சொல்கிறது என்ற அளவில் நினைவில் இருக்கும். அந்தக் குதிரையின் குரலுக்குப் பின்னால் இருந்த பெண்மணியின் வாழ்க்கையை அறிந்தவர் சிலரே. வாழ்நாளெல்லாம் குதிரைகளின் மீது அன்பு கொண்டிருந்த ஒருவர், இனி எந்தக் குதிரையின் அருகிலும் செல்ல இயலாது என்ற நிலை வந்தபின், படுக்கையிலிருந்தே அவற்றுக்குச் செய்த கைம்மாறு அந்நூல். அந்த வாழ்க்கையை இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

அன்னா 1820-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள், கிரேட் யார்மத் என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். தந்தை ஐசக் சியூவெல், தாய் மேரி. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிலிப் என்ற தம்பி பிறந்தான். குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, எளிய உணவு, போரில் கலந்துகொள்ளாமை, ஆரவாரமின்றி அமைதியாக அமர்ந்து வழிபடுதல் ஆகியவை அப்பிரிவினரின் நெறிகள். பிற்காலத்தில் அன்னாவும் தாயும் அச்சபையிலிருந்து விலகினர். எனினும் அந்த இளமைப் பயிற்சியின் எளிமையும் உயிர்களிடத்துப் பரிவும் அவரை விட்டு விலகவில்லை.

தந்தையின் வாணிகம் நிலைக்கவில்லை. குடும்பம் இலண்டன் மாநகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கு அனுப்பும் வசதி இல்லாமையால் தாயே ஆசிரியரானார். புல், பூச்சி, பறவை, விண்மீன் ஆகியவையே பாடங்கள். எந்த உயிருக்கும் காரணமின்றித் துன்பம் இழைத்தலாகாது என்பது அப்பாடங்களுள் முதற்பாடம். அன்னா சிறுமியாக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றை அக்குடும்பத்தார் நெடுநாள் நினைவில் வைத்திருந்தனர். ஒருவன் சுட்ட கரும்பறவை ஒன்று அவர்கள் வீட்டருகே வந்து விழுந்தது. அதைக் கேட்டு வாயிலில் வந்து நின்றவனை, அச்சிறுமி கொடியவன் என்று கடிந்து, பறவையைத் தர மறுத்துவிட்டாள். பெரியவர் முன் அடங்கிப் பேசும்படி வளர்க்கப்பட்ட பெண், அன்று அடங்கவில்லை.

குதிரைகளின் உறவு தொடங்கியதும் அவ்விளமையிலேதான். நார்ஃபோக்கில் பக்ஸ்டன் என்னும் ஊரில் தாய்மாமன் பண்ணை இருந்தது. இலண்டன் புகையிலிருந்து விடுபட்டு, விடுமுறைதோறும் அன்னாவும் பிலிப்பும் அங்கே சென்றார்கள். குதிரை ஏறக் கற்றுக்கொண்டதும், லாயத்தின் வைக்கோல் மணமும், கழனியில் உழைத்து மாலையில் திரும்பும் குதிரைகளின் மெதுநடையும் அப்பண்ணையில் கிடைத்தவை. பின்னாளில் தம் நூலின் முதல் பகுதியில் அவர் தீட்டிய பசும்புல் வெளி அந்தப் பிள்ளைப் பருவத்து நாட்டுப்புறத்தை நினைவூட்டுகிறது.

மழை பெய்த மாலை

அன்னாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஸ்டோக் நியூவிங்டன் என்ற பகுதிக்குச் சென்றது. அங்கேதான் அவர் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். கல்வியின் சுவையை அறிந்த அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பதினான்காம் வயதில், ஒரு மழைநாளில், பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது வழுக்கி விழுந்தார். கணுக்கால்கள் பெரிதும் பழுதுபட்டன. அக்கால மருத்துவத்தால் அவற்றைச் சீர்செய்ய முடியவில்லை. அன்று முதல் வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோல் இன்றி நிற்கவோ, நெடுந்தொலைவு நடக்கவோ அவரால் இயலவில்லை. சில காலம் நலமாகத் தோன்றும், மீண்டும் படுக்கை. பிற்காலத்தில் மருத்துவக் குளியல் நாடி ஜெர்மனி வரை சென்று வந்தும் நிலையான பயன் விளையவில்லை.

ஓடியாட வேண்டிய வயதில் ஒரு பெண்ணின் கால்கள் ஓய்ந்துவிட்டால் அவள் உலகம் ஓர் அறைக்குள் சுருங்கிவிடும். அன்னாவின் உலகம் அவ்வாறு சுருங்காமல் காத்தவை குதிரைகள். நடக்க முடியாதவரால் குதிரைமீது அமர முடிந்தது. சிறு வண்டியில் ஏறி வாரைப் பிடிக்க முடிந்தது. 1836-இல் தந்தைக்குக் கடற்கரை நகரான பிரைட்டனில் வங்கிப் பணி கிடைத்தது. பின்னர் 1845-இல் லான்சிங் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். நாள்தோறும் தந்தையைத் தொடர்வண்டி நிலையத்திற்கு அழைத்துச் செல்வதும் மாலையில் திரும்ப அழைத்து வருவதும் அன்னாவின் பணியாயின. மட்டக்குதிரை பூட்டிய சிறுவண்டியை அவரே ஓட்டினார்.

அவர் வண்டி ஓட்டிய முறையை நேரில் கண்டவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வாரைத் தளர்வாகப் பிடித்திருப்பார். சாட்டைக்கு வேலை இராது. குதிரையோடு பேசிக்கொண்டே போவார். மேடு வந்தால் அதனிடம் சொல்வார். நன்றாக நடந்தால் பாராட்டுவார். தவறினால் மென்மையாகக் குறை கூறுவார். சொன்னதையெல்லாம் உணர்ந்தது போலவே அக்குதிரையும் நடந்துகொள்ளுமாம். தம் உடலின் குறையால் பிறர் உதவியையே நம்பி வாழ்ந்த ஒருவர், தமக்காக உழைக்கும் உயிரின் உள்ளத்தை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். காதின் அசைவு, மூச்சின் வேகம், தோளில் படியும் வியர்வை, வாயின் ஓரத்துப் புண் ஆகியவற்றையெல்லாம் அவர் எழுத்துப்போல் படிக்கக் கற்றார்.

தாயும் மகளும்

தாய் மேரி ஐம்பது வயதைக் கடந்தபின் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். எளிய மக்களுக்கும் சிறுவர்களுக்கும் கதைப்பாடல்கள் இயற்றினார். 1860-இல் வெளிவந்த அவருடைய கதைப்பாடல் ஒன்று பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது. அவ்வெழுத்துகளுக்கெல்லாம் முதல் வாசகரும் கண்டிப்பான திருத்துநரும் அன்னாவே. மிகையான சொல்லைக் களைவதும், உழைப்பாளி ஒருவர் படித்தால் பொருள் விளங்குமா என்று சோதிப்பதும் அவர் வேலை. தமக்கென ஒரு வரியும் அச்சிடாமல், பல ஆண்டுகள் தாயின் எழுத்தைச் செப்பம் செய்துகொண்டிருந்தார். குளோஸ்டர்ஷயர் பகுதியில் விக் என்னும் ஊருக்கருகே வாழ்ந்தபோது, தாயும் மகளும் உழைப்பாளிகளுக்காக மாலைநேரக் கல்விக்கூடம் ஒன்றை நடத்தினர். எளியோரின் பேச்சும் வறுமையும் தன்மானமும் அங்கே அன்னாவுக்கு நெருக்கமாக அறிமுகமாயின.

பிலிப் பொறியாளராகி ஸ்பெயின் நாட்டில் இருப்புப்பாதைப் பணியில் இருந்து, பின் நார்விச் திரும்பி வங்கியில் சேர்ந்தார். அவர் மனைவி ஏழு குழந்தைகளை விட்டு மறைந்தார். தாயில்லாப் பிள்ளைகளுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று 1867-இல் பெற்றோரும் அன்னாவும் ஓல்டு கேட்டன் வந்து சேர்ந்தனர். பிலிப்பிடம் பெஸ் என்ற பெயருடைய குதிரை ஒன்று இருந்தது. பிளாக் பியூட்டிக்கு முன்மாதிரி அதுவே என்பர்.

இவ்வூரில்தான் அன்னாவின் உடல் முற்றிலும் தளர்ந்தது. ஊன்றுகோலும் உதவாத நிலை வந்தது. பிரைட்டனிலும் லான்சிங்கிலும் வண்டி ஓட்டிய கைகள் வாரைப் பிடிக்கும் வலிமை இழந்தன. குதிரைகளை அவர் இனிச் சன்னல் வழியேதான் காண முடிந்தது. அப்போதுதான் அவர் எழுதத் தொடங்கினார்.

ஆறு ஆண்டு எழுதிய நூல்

நல்ல உடல்நலம் உள்ள ஒருவர் சில மாதங்களில் எழுதி முடிக்கக்கூடிய நூல் அது. அன்னாவுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் அவர் சொல்லத் தாய் எழுதினார். சற்றே தெம்பு வந்த நாள்களில், படுத்தபடியே துண்டுத் தாள்களில் பென்சிலால் தாமே எழுதினார். தாய் அத்தாள்களை வாங்கித் தெளிவாகப் படியெடுத்தார். பல திங்கள் ஒரு வரியும் எழுத முடியாமல் கழிந்ததுண்டு. 1871-க்குப் பின் 1876 டிசம்பரில்தான் நூல் முன்னேறி வருவதாக நாட்குறிப்பில் மீண்டும் குறிப்பு வருகிறது. பல ஆண்டுகள் தாயின் எழுத்தைத் திருத்திய மகளுக்கு, எண்பதை நெருங்கிய தாய் இப்போது எழுத்தராக அமர்ந்தார்.

நூலின் நோக்கத்தை அன்னா ஒளித்துவைக்கவில்லை. குதிரைகளிடம் அன்பும் பரிவும் காட்டுவதோடு, அவற்றை உணர்ந்து நடத்தும் அறிவையும் மக்களிடையே வளர்ப்பதே தம் விருப்பம் என்று அவர் குறித்துள்ளார். பரிவோடு அறிவையும் சேர்த்து அவர் கேட்டதே அந்நூலின் உயிர்நாடி. கதையில் ஓர் இரவு, கரிய குதிரை தன் தலைவியின் உயிரைக் காக்க மருத்துவரை அழைத்துவர நெடுந்தொலைவு ஓடித் திரும்புகிறது. உடலெல்லாம் வியர்வை. அதைக் கவனிக்க வேண்டிய சிறுவன் ஜோ நல்லவன், குதிரையிடம் அன்புள்ளவன். வெப்பமாக இருக்கும் குதிரைக்குப் போர்வை தேவையில்லை என்று எண்ணி, குடம் நிறையக் குளிர்ந்த நீரைக் கொடுத்துவிட்டுச் செல்கிறான். குதிரை குளிரில் நடுங்கி, நுரையீரல் நோயுற்றுச் சாவின் விளிம்பு வரை செல்கிறது. தீய எண்ணத்திற்கு அடுத்தபடி உலகில் பெருந்தீங்கு விளைப்பது அறியாமையே என்று அங்கே மூத்த பணியாளர் வருந்துகிறார். தெரியாமல் செய்துவிட்டேன் என்ற சொல், துன்புற்ற உயிரின் வலியைக் குறைப்பதில்லை. இப்பாடத்தைப் புகட்ட அன்னா எடுத்துக்கொண்டது நல்ல உள்ளம் கொண்ட சிறுவனையே என்பது கருதத்தக்கது.

அக்காலச் செல்வர் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக் குதிரை தலையை நிமிர்த்தி நின்றால் கம்பீரமாகத் தோன்றும் என்பதற்காக, கடிவாளத்திலிருந்து ஒரு வாரைப் பின்னோக்கி இழுத்துச் சேணத்தில் மாட்டிவிடுவார்கள். அதனால் குதிரையால் தலையைத் தாழ்த்தவே முடியாது. மேட்டில் சுமை இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தித் தோளை முன்னால் கொடுத்தால்தான் முழு வலுவும் கிட்டும். இந்த வார் அதைத் தடுக்கும். கழுத்தும் முதுகும் வலியால் துடிக்கும். மூச்சுக்குழல் நெருக்குண்டு கெடும். வாயில் நுரையும் குருதியும் கசியும். காண்பவர் அந்நுரையைக் குதிரையின் மிடுக்கு என்று பாராட்டுவர். கதையில் ஒரு சீமாட்டியின் மாளிகையில் கரிய குதிரையும், ஜிஞ்சர் என்னும் பெட்டைக் குதிரையும் இவ்வேதனைக்கு உள்ளாகின்றன. ஜிஞ்சர் பொறுக்க மாட்டாமல் ஒருநாள் எட்டி உதைத்து வீழ்கிறது. பிறகு கைமாறிக் கைமாறி, இலண்டன் வாடகை வண்டியில் உழைத்து மடிகிறது. கரிய குதிரை அதன் உடல் என்று தான் எண்ணும் ஒன்றை வண்டியில் ஏற்றிச் செல்வதைக் கண்டு, அதன் துன்பம் முடிந்ததே என்று ஆறுதல் கொள்கிறது. அந்தப் பக்கத்தை உலர்ந்த கண்களோடு கடந்தவர் அரியர்.

வண்டிக்காரரின் பக்கம் நின்று

குதிரையின் துயரை எழுதுபவர் அதன் வண்டிக்காரனைக் கொடியவனாகக் காட்டிவிட்டு எளிதில் முடித்துவிடலாம். அன்னா அவ்வாறு செய்யவில்லை. நூல் எழுதிவந்த காலத்தில் ஒருநாள், அவர் வீட்டு வாயிலில் காத்திருந்த வாடகை வண்டிக்காரர் ஒருவரோடு திறந்த சன்னல் வழியே உரையாடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டுவதில்லை என்று தாம் கொண்ட உறுதியைப் பற்றி அவர் சொன்னார். அந்த உரையாடல் தம் உள்ளத்தில் ஆழப் பதிந்ததாக அன்னா குறித்துள்ளார். வண்டிக் குதிரைகளை நினைக்கப்போய் வண்டிக்காரர்களையும் நினைக்கலானேன் என்ற கருத்தில் அவர் எழுதியதும் அப்போதுதான்.

கதையில் வரும் ஜெர்ரி பார்க்கர் என்னும் வண்டிக்காரரிடம் அச்சாயலைக் காணலாம். வாரத்தில் ஆறு நாள் மட்டும் ஓட்டுவதற்கான உரிமம் பெற்றவர் அவர். குதிரைக்கும் தமக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதற்காக வருவாயை இழக்கவும் துணிகிறார். மற்றொரு வண்டிக்காரனும் கதையில் வருகிறான். சொந்த வண்டி இல்லாதவன். வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்கும் நாள் ஒன்றுக்கு 18 ஷில்லிங் வாடகை கட்ட வேண்டும். ஒவ்வொரு குதிரையிடமிருந்தும் 9 ஷில்லிங் பிழிந்தெடுத்த பிறகே தன் பிள்ளைகளின் உணவுக்கு ஒரு காசு. அவன் சாட்டையை ஓங்குவது கொடுமைதான். எனினும் அந்தச் சாட்டையை அவன் கையில் திணித்தவர் யார் என்று அன்னா நம்மைக் கேட்க வைக்கிறார். சில நிமிடம் முன்னதாகச் சென்று சேர வேண்டும் என்று அவசரப்படுத்தும் பயணியும், கூடுதல் மூட்டையை ஏற்றச் சொல்லும் குடும்பத்தாரும், குளிரில் மணிக்கணக்கில் வண்டியைக் காக்கவைத்து விருந்துண்பவரும் அக்கொடுமையில் பங்காளிகளே. அவர்களில் எவரும் கையில் சாட்டை எடுப்பதில்லை.

நம் வாசகர்கள் இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூரலாம். இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுமீறிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் கிடைக்காமல் செய்தல் என்பன அவை. கொல்லாமலே செய்யப்படும் தீங்குகள் இவை. அன்னாவின் நூலை இவ்வைந்தையும் மனத்தில் கொண்டு படித்தால் வியப்பு மேலிடும். தலையைத் தாழ்த்த விடாத வார், ஓயாத சாட்டை, அழகுக்காக வெட்டப்பட்ட குதிரையின் வால், இலண்டன் மேட்டில் குதிரையை வீழ்த்திய பெருஞ்சுமை, தீவனத்தைத் திருடிய லாயக்காரன் என ஐந்துக்கும் அதில் காட்சி உண்டு. நாடும் சமயமும் வேறு. உழைக்கும் உயிரின் துன்பத்தை உற்று நோக்கியவர்கள் ஒரே பட்டியலை வந்தடைந்திருக்கிறார்கள்.

திருத்தும் வழியையும் அன்னா சினத்தில் தேடவில்லை. மேட்டில் சுமை இழுக்க மாட்டாமல் தவிக்கும் குதிரையை வண்டிக்காரன் அடிக்கும் ஒரு காட்சியில், அவ்வழியே வரும் பெண்மணி ஒருவர் அவனை வசை பாடுவதில்லை. அந்த வாரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்கிறார். கழற்றியதும் குதிரை தலையைத் தாழ்த்தி, தோளைக் கொடுத்து, சுமையை மேட்டில் ஏற்றிவிடுகிறது. காரணத்தை அவர் விளக்க, வண்டிக்காரன் ஏற்றுக்கொள்கிறான். அறியாமையைக் கடிந்து துரத்த முடியாது. அருகில் நின்று சொல்லிக்கொடுத்துத்தான் நீக்க முடியும். ஆசிரியப் பணியில் ஆண்டுகள் பல கழித்த எனக்கு அந்நூலில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

இறுதி நாள்கள்

1877 ஆகஸ்டில் அச்சுப் படிகள் திருத்தத்திற்கு வந்தன. எழுத்துகள் அழகாக அமைந்திருப்பதாக அன்னா மகிழ்ந்தார். நார்விச் நகரத்து ஜாரோல்டு நிறுவனம் நூலை 40 பவுன் ஒரே தொகையாகக் கொடுத்து வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் நூல் வெளிவந்தது. முகப்பில் அன்னா தம்மை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. குதிரை மொழியிலிருந்து பெயர்த்தவர் என்றே குறிப்பிட்டார். விளையாட்டாகச் சொன்னதுபோல் தோன்றினும், வாழ்நாள் முழுவதும் அவர் செய்தது அதுதான்.

நூல் மக்களிடையே வரவேற்புப் பெறத் தொடங்கியதை மட்டுமே அவர் கண்டார். ஐந்து திங்கள் கழித்து, 1878 ஏப்ரல் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். அகவை ஐம்பத்தெட்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. வேறு நூல் எதுவும் எழுதவில்லை. பக்ஸ்டனை அடுத்த லாமாஸ் என்னும் ஊரில், குவேக்கர்களின் இடுகாட்டில், சிறுவயதில் குதிரை ஏறிப் பழகிய பண்ணையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அந்த இறுதி ஊர்வலத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. வண்டிகள் வாயிலில் வந்து நின்றபோது, தாய் மேரி சன்னல் வழியே பார்த்தார். துக்க ஊர்வலத்திற்கு வந்த குதிரைகளின் தலைகள், அதே கொடிய வாரால் மேலே இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. மகளைப் பறிகொடுத்த அந்த முதிய தாய் உடனே வெளியே சென்று, எல்லாக் குதிரைகளின் வார்களையும் கழற்றச் செய்தார். அதன் பிறகே ஊர்வலம் புறப்பட்டது. மகளின் நூலைத் தம் கையால் படியெடுத்த தாய், அதன் முதல் கட்டளையைத் தாமே நிறைவேற்றிவைத்தார்.

நூல் சென்ற தொலைவு

அமெரிக்க நாட்டில் பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர் ஜார்ஜ் ஏஞ்சல் என்பவர், 1868-இல் இரண்டு குதிரைகள் 40 மைல் பந்தயத்தில் ஓடவிடப்பட்டு மாண்டதைக் கேட்டு மனம் பதைத்து, விலங்குகளைக் காக்கும் சங்கம் அமைத்தவர். அவர் கையில் 1890-இல் இந்நூல் கிடைத்தது. நெடுநாள் தேடிய கருவி கிடைத்தது என்று மகிழ்ந்து, மலிவாக அச்சிட்டு, வண்டிக்காரர்களுக்கும் லாயக்காரர்களுக்கும் லட்சக்கணக்கில் பரப்பினார். எழுதியவரின் குடும்பத்தாரிடம் இசைவு பெறாமலே அவர் அச்சிட்டது குறையே. ஆயினும், யாருடைய கைகளில் சேர வேண்டும் என்று அன்னா விரும்பினாரோ அவர்கள் கைகளில் நூல் சேர்ந்தது. தலையை இழுத்துக் கட்டும் வழக்கம் நாளடைவில் மதிப்பிழந்தது. அவ்வழக்கத்தை எதிர்த்து எட்வர்டு ஃபிளவர் போன்றோரும் அக்காலத்தில் பாடுபட்டனர். எனினும் வீடுதோறும் அச்செய்தியைக் கொண்டு சேர்த்ததில் இந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. குதிரையின் வாலை வெட்டும் வழக்கத்திற்குப் பிரிட்டனில் சட்டத்தால் தடை வர 1949-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று பல மொழிகளில், கோடிக்கணக்கான படிகளாக அந்நூல் உலகெங்கும் பரவியிருக்கிறது. சிறுவர் நூல் என்று அதனை வகைப்படுத்திவிட்டோம். அன்னா அதனைச் சிறுவர்க்கென்று எழுதவில்லை. குதிரைகளோடு உழைப்பவர்க்கென்றே எழுதினார். நார்விச் நகரில் அவர் நினைவாகக் குதிரைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்று அமைக்கப்பட்டது. சிலையைவிட அதுவே அவருக்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் என்று தோன்றுகிறது.

நம் தெருக்களில் குதிரை வண்டிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. சுமை மறைந்துவிடவில்லை. நாம் ஏறிச் செல்லும் வண்டியை ஓட்டுபவரின் அன்றைய வாடகை என்ன, நம் வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் இளைஞரை நாம் எவ்வளவு அவசரப்படுத்துகிறோம், வெயிலில் நிற்கும் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தோமா என்ற கேள்விகள் இன்றும் நம் வாயிலில் நிற்கின்றன. அன்னா சியூவெல் ஓரடி நடக்க முடியாதவராய், சாய்விருக்கையில் கிடந்தபடி, சன்னலுக்கு வெளியே காத்திருந்த வண்டிக்காரரிடம் நலம் உசாவினார். நடக்க முடிந்த நாம் வாயில் வரை சென்று கேட்கலாம்.